சின்ன டேப்லெட் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் குடியிருக்கிறேன், வேலை ஃபோர்ட்டில். ஏழு வருஷமாக என் பையில் ஒரு சின்ன டேப்லெட் இருக்கிறது. இப்போது இருப்பது இரண்டாவது. சனிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்கள், எங்கள் பில்டிங்கில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், திருநெல்வேலியிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது "இதை வாங்கலாமா, வாங்கினால் உருப்படியாகப் பயன்படுமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பார்த்தவரை, எந்த மாடல் என்று தேடுவதற்கு முன்னால் அது யார் கையில், வீட்டில் எந்த இடத்தில் இருக்கப்போகிறது என்று யோசித்தவர்கள் யாரும் வாங்கிவிட்டு வருத்தப்படவில்லை.

சின்ன டேப்லெட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

திரையை மூலைக்கு மூலை அளந்தால் 7 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் நடுவில் வருவதை. 2010-இல் வந்த முதல் கேலக்ஸி டேப் 7 அங்குலம். 2011 அக்டோபரில் மாணவர்களுக்காக மத்திய அரசு அறிமுகப்படுத்திய ஆகாஷ் டேப்லெட்டும் 7 அங்குலம்தான். 2012-இல் 7.9 அங்குலத்தில் ஐபேட் மினி வந்தது. அப்புறம் போன்கள் வளர்ந்து 6.7 அங்குலத்தைத் தொட்டுவிட்டதால் 7 அங்குல டேப்லெட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்றைக்குச் சின்னது என்றால் 8.3 அங்குல ஐபேட் மினி, 8.7 அங்குல கேலக்ஸி டேப் ஏ9 போன்றவை.

எடையையும் பாருங்கள். ஐபேட் மினி 293 கிராம், டேப் ஏ9 332 கிராம். 11 அங்குல டேப்லெட் உறையோடு சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் படித்தால் மணிக்கட்டே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

கையில் இருக்கும் போனே 6.7 அங்குலம். இரண்டு அங்குலத்துக்காக இன்னொரு பொருள் தேவையா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. மூலைக்கு மூலை அளக்கும் கணக்கு நம்மை ஏமாற்றிவிடுகிறது. 6.7 அங்குலப் போனின் திரை ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 15.5 செ.மீ. உயரம். 8.7 அங்குல டேப்லெட்டின் திரை ஏறக்குறைய 11.3 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரம். பெருக்கிப் பாருங்கள், பரப்பளவு இரண்டு மடங்கு வருகிறது. ஒரு காகிதத்தில் இரண்டு செவ்வகத்தையும் ஸ்கேல் வைத்து வரைந்து பார்க்கச் சொல்வேன். வரைந்து பார்த்த பிறகு பலர் "அட, இவ்வளவா" என்பார்கள்.

முக்கியமாக அகலம்தான் உதவுகிறது. போன்கள் உயரத்தில்தான் வளர்ந்திருக்கின்றன. ஒரு வரியில் ஏறும் எழுத்துகள் கூடவில்லை. பாங்க் ஸ்டேட்மென்ட், ரயில் டிக்கெட் பக்கம், பையனின் ஸ்கூல் அனுப்பும் டைம்டேபிள் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும் எதையும் போனில் பார்த்தால் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்பினால் முழுவதும் கண்ணில் விழுகிறது.

ஆனால் போனில் செய்கிற காரியங்கள் உங்களுக்கு வாட்ஸ்அப், பேச்சு, பணம் கட்டுவது என்பதோடு முடிந்துவிடுமானால் டேப்லெட் வேண்டாம். காசு மிச்சம்.

தமிழ்ப் புத்தகம் படிக்க எப்படி?

என்னைக் கேட்டால் சின்ன டேப்லெட்டை வாங்குவதற்கான முதல் காரணம் இதுதான்.

நம் பழைய நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் பெரும்பாலும் கிரௌன் அளவில் அச்சானவை. பக்கம் சுமார் 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம். மேலே சொன்ன திரை அளவோடு ஒப்பிட்டால் புத்தகப் பக்கமும் டேப்லெட் திரையும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கம் அச்சில் இருந்த அளவுக்கே திரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பெரிதாக்கவே வேண்டாம். 10 அங்குல டேப்லெட்டில் இடம் மிஞ்சும்; போனில் முக்கால்வாசி எழுத்து நசுங்கும்.

எங்கள் அப்பாவுக்கு 76 வயது. பழைய புத்தகங்கள் பிடிஎஃப்பாக நிறைய வைத்திருக்கிறார். ஈய அச்சில் வந்து, பின்னால் ஸ்கேன் செய்யப்பட்டவை. போனில் படிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி அவர் கண்ணுக்குத் தெரியாது. "மனதில்" என்று இருப்பது "மனதில" என்று தெரியும், வாக்கியம் அறுந்துபோகும், திரும்ப மேலே போய்ப் படிப்பார். ண, ன வித்தியாசமும் மங்கிவிடும். டேப்லெட்டில் முதல் நாள் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "புள்ளியெல்லாம் இருக்கே" என்றார். அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் டேப்லெட் அவருடையது.

படிக்க எதற்கும் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்த நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய நூல்களும் இதழ்களும் ஏராளம். மதுரைத் திட்ட நூல்கள் தட்டச்சு செய்யப்பட்டவை என்பதால் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஸ்கேன் பிடிஎஃப்பில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. ஆனால் பக்கத்தின் ஓர வெள்ளையை வெட்டிக் காட்டும் வசதியுள்ள பிடிஎஃப் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாகும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏ4 அளவில் வரும் ஆவணங்கள் இதில் பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். 12 பாயின்ட் எழுத்து ஆறரை பாயின்ட் மாதிரி தெரியும். அரசாணை, பாடப்புத்தகம், ஆய்வுக் கட்டுரை, இரண்டு பத்தியாக வரும் பத்திரிகை இவைதான் உங்கள் முக்கியப் படிப்பு என்றால் 11 அங்குலத்துக்குப் போங்கள்.

அப்படியானால் மின்னூல் படிப்பதற்கென்றே அமேசான் விற்கும் கிண்டில் வாங்கினால் போதாதா?

படிப்பது மட்டும்தான், அதுவும் கதை கட்டுரை மட்டும்தான் என்றால் போதும். அதன் திரை காகிதம் மாதிரி. வெயிலில் தெளிவாகத் தெரியும், ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் வரும். 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்னூல்களும் அதில் கிடைக்கின்றன. ஆனால் 6 அங்குலத் திரையில் ஸ்கேன் பிடிஎஃப் படிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் திரை மெதுவாக நகரும். அப்பா மாதிரி பழைய நூல் படிக்கிறவர்களுக்கு அது ஒத்துவராது.

டேப்லெட் திரை பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பது. பால்கனி வெயிலில் கண்ணாடி மாதிரி உங்கள் முகம்தான் தெரியும். ராத்திரி படுக்கையில் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளாவிட்டால் கண் எரியும். கண் டாக்டர்கள் சொல்லும் 20-20-20 கணக்கை நான் பழகிக்கொண்டேன்: 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி உள்ள எதையாவது, 20 விநாடி பார்ப்பது. ரயில் ஜன்னல் அதற்கு வசதி.

லோக்கல் டிரெயினில் எடுத்துப் படிக்க முடியுமா?

உட்கார இடம் கிடைத்தால் மட்டும். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

நான் போவது ஹார்பர் லைன். காலையில் செம்பூரில் ஏறும்போதே ஒரு கை மேலே கைப்பிடியில், ஒரு கை பையில். குர்லாவில் இன்னும் நெருக்கும். அந்த நெரிசலில் போனையே வெளியே எடுக்கக்கூடாது, டேப்லெட்டை எடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வாசலருகே நிற்கும்போது இன்னும் மோசம். தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, வண்டி மெதுவாகும் இடத்தில் கம்பால் கையில் அடித்துப் பொருளைக் கீழே விழ வைக்கும் ஃபட்கா கும்பலைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொருள் போனால் போகட்டும், பதறிப்போய் ஆள் விழுந்தால் என்ன செய்வது?

சாயந்திரம் கதை வேறு. வண்டி சிஎஸ்எம்டியிலேயே (பழைய வி.டி. ஸ்டேஷன்) கிளம்புவதால் ஒன்றிரண்டு வண்டியை விட்டுவிட்டால் இடம் கிடைக்கும். செம்பூர் வர முக்கால் மணி நேரத்துக்குள். மடியில் பை, பையின்மேல் டேப்லெட். தோளை ஒட்டி இரண்டு பக்கமும் ஆள் இருக்கும் இருக்கையில் 11 அங்குலத்தை விரிக்க முடியாது. 8 அங்குலம் பக்கத்து ஆளை இடிக்காமல் என் மடிக்குள் அடங்குகிறது. ஏழு வருஷத்தில் நான் படித்த நாவல்களில் பாதி மஸ்ஜித்துக்கும் வடாலாவுக்கும் நடுவில் படித்தவை.

ஊருக்குப் போகும் நீண்ட ரயில் பயணத்தில்?

அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். தாதரிலிருந்து திருநெல்வேலி போகும் சாளுக்கியாவில் இரண்டு இரவு. மலைப்பாதையிலும் வயல்வெளியிலும் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் படம், பாட்டு, புத்தகம் எல்லாவற்றையும் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் பேட்டரி பேசுவதற்கு மிச்சமாகும். பல ரயில்களில் ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடுகிறார்கள், சாயந்திரமே ஏற்றிக்கொள்ளுங்கள். அப்பர் பெர்த்தில் படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்துப் படிக்காதீர்கள். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது 330 கிராம் மூக்கில் விழுந்தால் வலிக்கும்.

வயசான அம்மா அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?

தரலாம். ஆனால் பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டுப் போனால் அது அப்படியே பெட்டியில்தான் இருக்கும். அரை நாள் உட்கார்ந்து தயார் செய்து கொடுக்க வேண்டும்.

எங்கள் அம்மாவிடம் நான் பார்த்தவை இவை. முதலில், தொட்டால் வேலை செய்யவில்லை என்றாள். பாத்திரம் கழுவி, பூண்டு உரித்துக் காய்ந்த விரல் நுனியைத் திரை உணரவில்லை. விரலை லேசாக ஈரத்துணியில் தொட்டுக்கொண்டு, நகத்தால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் தொடச் சொன்னேன், சரியாயிற்று. அடுத்து, அவள் மெதுவாகத் தொடுவாள். ஆண்ட்ராய்டு அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் பொத்தான் நகர்ந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்விடும். "வாட்ஸ்அப் அழிஞ்சு போச்சு" என்று ஆபீசுக்கு போன் வரும். செட்டிங்கில் முகப்புத் திரையின் அமைப்பைப் பூட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டபின் அந்த போன் வரவில்லை. அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் நீண்ட அழுத்தத்துக்கான நேரத்தையும் கூட்டிவைக்கலாம். எழுத்து அளவை இரண்டு படி கூட்டி, மொழியைத் தமிழாக மாற்றி, முதல் பக்கத்தில் ஐந்தே ஐந்து பொத்தான் மட்டும் விட்டுவைத்தேன்.

நிற்கவைக்கும் ஸ்டாண்டு உள்ள உறை கட்டாயம். வீடியோ காலில் அம்மா கையில் பிடித்துப் பேசினால் தங்கைக்கு அம்மாவின் நெற்றியும் ஃபேனும்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் நிறுத்திவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இன்னொரு பெரிய நன்மை, நான் வாங்கும்போது யோசிக்காதது: சிம் இல்லாத டேப்லெட்டில் பாங்க் செயலி எதையும் போடவில்லை. போலீஸ் என்றும் கஸ்டம்ஸ் என்றும் சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் காலத்தில், பெரியவர்கள் பொழுதுபோக்கும் கருவியும் பணம் இருக்கும் கருவியும் தனித்தனியாக இருப்பது எனக்கு நிம்மதி. எதற்கும் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணைப் பெரிதாக எழுதி உறையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் ஒட்டுங்கள்.

கூகுள் பே, போன்பே எல்லாம் இதில் ஓடுமா?

சிம் இல்லாத டேப்லெட்டில் ஓடாது. யுபிஐ பதிவு செய்யும்போது, பாங்கில் கொடுத்த நம்பரின் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். பணத்துக்குப் போன்தான்.

வாட்ஸ்அப்?

போனில் இருக்கும் அதே கணக்கை இணைக்கப்பட்ட சாதனமாக டேப்லெட்டிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்குக்குப் போனைத் தவிர நான்கு சாதனங்கள் வரை. ஐபேடுக்குத் தனிச் செயலி 2025 மே மாதம்தான் வந்தது. போனை 14 நாள் திறக்காமலே விட்டால் டேப்லெட்டில் இணைப்பு அறுந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சிம் போடும் மாடலா, வைஃபை மட்டும் உள்ளதா?

வீட்டில் வைஃபை இருந்து, வெளியே போகும்போது போன் ஹாட்ஸ்பாட் போதும் என்றால் வைஃபை மாடல். ஆண்ட்ராய்டில் விலை வித்தியாசம் சில ஆயிரம்தான், ஐபேட் மினியில் 15,000 ரூபாய். அதற்கு மேல் மாதாமாதம் இன்னொரு ரீசார்ஜ். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் சிம் மாடலே வாங்கிக் கொடுங்கள். ஹாட்ஸ்பாட் போடச் சொல்லிக்கொடுப்பதற்குள் உங்களுக்கும் அலுத்துவிடும், அவர்களுக்கும் அலுத்துவிடும்.

வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. காரில் வழிபார்க்க வாங்குகிறவர்கள் கவனியுங்கள்.

பையனின் படிப்புக்கு உதவுமா?

பாடம் சம்பந்தமான வீடியோ பார்க்க, அகராதி தேட, மத்திய அரசின் தீக்ஷா கல்வித் தளத்திலிருந்து பாடநூல் இறக்க உதவுகிறது. ஆன்லைன் வகுப்புக்கு 8 அங்குலம் சிறிசு. டீச்சர் போர்டில் எழுதுவது எறும்பு மாதிரி தெரியும். பையன் முகத்தைத் திரைக்குள் விட்டுக்கொண்டு உட்காருவான்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைத்தான்: இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதற்கும் குறைந்தால் நல்லது. சோறு ஊட்டும்போது மட்டும் என்று ஆரம்பித்து, டேப்லெட் இல்லாமல் வாயே திறக்காத குழந்தைகள் எங்கள் பில்டிங்கிலேயே இருக்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. போனைவிட இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் போனை நாம் திரும்ப வாங்கிவிடுவோம், டேப்லெட் சும்மா கிடக்கிறதே என்று விட்டுவிடுவோம்.

பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் மாதிரி ஒரு செயலியால் நேரக் கட்டுப்பாடு போட்டு, ஹாலில் வைத்துத்தான் பார்க்கலாம் என்று ஒரு இடக் கட்டுப்பாடும் வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் அதிகம் வேலை செய்தது.

இதில் தமிழில் எழுத வருமா?

வரும், அளவோடு. நெட்டுக்குத்தாகப் பிடித்தால் இரண்டு கட்டைவிரலும் நடுவில் சந்திக்கும் அகலம்தான். கீகள் போனைவிடப் பெரிது, அதனால் தமிழ்99 பழகியவர்களுக்கு ரொம்ப வசதி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த அந்த விசைப்பலகை இன்றைக்கு ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டிலும் கிடைக்கிறது. அப்பாவுக்குத் தட்டச்சே வராது. அவருக்குக் கூகுள் விசைப்பலகையில் கையெழுத்துப் பகுதியைத் திறந்து கொடுத்தேன். விரலால் "சௌக்கியமா" என்று எழுதினார், அப்படியே எழுத்தாயிற்று. போனின் சின்னக் கட்டத்தில் அது அவருக்கு வரவே இல்லை.

நாலு பக்கக் கட்டுரை எழுத வேண்டுமென்றால் லேப்டாப்பைத் திறங்கள். புளூடூத் கீபோர்டு வாங்கிச் சேர்த்துப் பார்த்தேன். கீபோர்டு திரையைவிட அகலமாக, மேசையில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

லேப்டாப்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா?

கூடாது.

பஜனையில் பாட்டுப் புத்தகத்துக்குப் பதில் நீங்கள் வைத்துக்கொள்வதைப் பார்த்தேன். எப்படி?

மூன்று பாட்டுப் புத்தகமும் ஒரு நோட்டும் தூக்கிக்கொண்டு போன இடத்தில் இப்போது இது ஒன்று. பாட்டுகளை நானே தட்டச்சு செய்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று பெரிய எழுத்தில் வைத்திருக்கிறேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்ன மரப்பலகையில் சாய்த்து வைத்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்துப் பாடலாம்.

மூன்று விஷயம் செய்துவிட்டுப் போங்கள். திரை தானாக அணையும் நேரத்தை அரை மணிக்கு மாற்றுங்கள். முதல் வாரம் நான் இதைச் செய்யாமல், சரணத்தின் நடுவில் திரை இருண்டு, மிருதங்கம் வாசித்தவர் இரண்டு ஆவர்த்தனம் கூடுதலாக வாசித்துக் காப்பாற்றினார். தானாகத் திரும்பும் திரையைப் பூட்டுங்கள், தாளம் போடும் கை பட்டாலே பக்கம் சாய்ந்துவிடும். வைஃபையை அணைத்துவிடுங்கள், நடுவில் வாட்ஸ்அப் காலுக்கு மணியடித்தால் சந்நிதியில் எல்லோர் பார்வையும் உங்கள் மேல்தான்.

ஸ்வரக் குறிப்போடு பாடுகிறவர்களுக்கு ஏ4 பக்கம் சுருங்கும் என்ற அதே குறை உண்டு.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

லித்தியம் அயான் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் டேப்லெட்டை அம்மா சமையலறை அலமாரியில், அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி, நாள் முழுக்க சார்ஜரிலேயே சொருகி வைத்திருந்தாள், பக்திப் பாட்டுக்காக. மூன்றாவது வருஷம் ஒருநாள் மேசையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் சுழன்றது. பின்பக்கம் உப்பியிருந்தது, திரையின் ஓரம் ஒரு நூல் அளவுக்குத் தூக்கி, உள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது.

அப்படிப் பார்த்தால் உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்துவிடுங்கள். அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கலாம். கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் லாமிங்டன் ரோட்டில் பேட்டரி மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே போய் மாற்றினேன்.

இப்போது வரும் டேப்லெட்டுகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் 20-க்குக் கீழே விடாமல், ராத்திரி முழுக்கச் சொருகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மும்பை மழைக்கு என்ன பாதுகாப்பு?

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் பைக்குள் வைப்பேன். பை நனையாவிட்டாலும் உள்ளே ஈரம் ஏறும். சார்ஜ் துளையில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் ஃபேன் காற்றில் காயவிட்டுப் பிறகு சொருகுங்கள். அரிசியில் புதைப்பது வேண்டாம், தூசிதான் துளைக்குள் போகும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆண்ட்ராய்டில் ராம் 4 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். இதைச் சொல்லியும் கேட்காமல் ஆன்லைன் தள்ளுபடியில் 2 ஜிபி வாங்கிய என் மைத்துனன் ஒவ்வொரு தொடுதலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். இடம் 64 ஜிபி இருந்து மெமரி கார்டு போடும் வசதியும் இருந்தால் போதும். ஐபேடில் கார்டு போட முடியாது என்பதால் அங்கே ஆரம்பத்திலேயே யோசித்து வாங்க வேண்டும்.

எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். அப்டேட் நின்றுபோன டேப்லெட்டில் செயலிகள் ஒவ்வொன்றாக ஓடாமல் போய்விடும்.

படம் பார்க்க வாங்குகிறவர்கள் வைட்வைன் எல்1 இருக்கிறதா என்று பாருங்கள். வைட்வைன் என்பது படத்தை யாரும் நகலெடுக்காமல் காக்கும் பூட்டு, எல்1 அதில் உயர்ந்த தரம். பெயர் தெரியாத மலிவு டேப்லெட்டுகளில் எல்3 மட்டும் இருக்கும். திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் இரண்டும் மங்கலாக 480பி-யில்தான் ஓடும்.

விலையைப் பொறுத்தவரை, சாதாரண உபயோகத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்றாயிரம் ரூபாய் டேப்லெட் போதும். 2024-இல் வந்த ஐபேட் மினி இந்தியாவில் 49,900 ரூபாய்க்கு அறிமுகமானது. படம் வரைகிறவர்கள், டிஜிட்டல் பேனாவால் குறிப்பெழுதுகிறவர்கள், ஆறேழு வருஷம் ஒரே பொருளை வைத்துக்கொள்கிறவர்கள் அதற்குச் செலவழிக்கலாம். அப்பாவுக்குப் பிடிஎஃப் படிக்க அது தேவையில்லை.

கேமரா?

வீடியோ காலுக்குப் போதும். போட்டோவுக்குப் போன்.

ஆசையாக வாங்கிவிட்டு அலமாரியில் போட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். நிறைய வீட்டில் அதுதான் நடக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எடுக்கும்போது சார்ஜ் இருக்காது. போனை நாம் கண்ணும் கருத்துமாக ஏற்றுவோம், டேப்லெட்டை மறந்துவிடுவோம். மூன்று முறை எடுத்து மூன்று முறையும் இருட்டுத் திரை என்றால் நாலாவது முறை கை போகாது. அதற்கென்று ஒரு இடம், ஒரு சார்ஜர், ஒரு நேரம் வையுங்கள். எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்து முக்காலி. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஏற்றி, படுக்கப் போகும்போது அப்பாவே பிடுங்கிவிடுவார்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். போனில் ஏதாவது செய்யும்போது "இது பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். வாரத்துக்கு ஐந்து கோடு வந்தால் வாங்குங்கள்.

பழையதை என்ன செய்வது?

ஓடுகிற நிலையில் இருந்தால் கணக்குகளை எல்லாம் நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, பாங்க், மெயில் எதுவும் இல்லாத தனிக் கருவியாக வைத்துக்கொள்ளலாம். ஓடாததைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள், உள்ளே பேட்டரி இருக்கிறது.

பேட்டரி மாற்றிய எங்கள் முதல் டேப்லெட்டுக்கு அப்டேட் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அது பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், அடுப்பு இருக்கும் திசைக்கே போகாமல் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு அம்மா பாட்டுப் போடுவாள். ஆறரைக்குப் பாட்டு முடிந்ததும் சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் காபி போடப் போகிறாள்.